வகுப்பறையில் எங்கே உட்காருவது? கல்விச் சமூகவியலில் ஒரு பார்வையைத் தேர்ந்தெடுக்க

கல்வியைப் பற்றிச் சமூகவியலில் ஆய்வேடு எழுதுகிறவர்களின் இரண்டாம் இயலைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பள்ளி சமூகத்துக்கு என்ன வேலை செய்கிறது என்று பார்க்கும் செயற்பாட்டுவாதம் நான்கு பக்கம், அதில் யாருக்கு ஆதாயம் என்று கேட்கும் முரண்பாட்டுக் கோட்பாடு நான்கு பக்கம், ஆட்கள் நேருக்கு நேர் பழகும்போது ஒருவரை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்கும் குறியீட்டு ஊடாட்டவாதம் நான்கு பக்கம். கடைசியில் "இம்மூன்று பார்வைகளையும் ஒருங்கிணைத்து இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது" என்று ஒரு வரி. மூன்றாம் இயலிலிருந்து மூன்றுமே தலைகாட்டாது. வாசலில் நின்று வரவேற்றுவிட்டு எங்கேயோ மறைந்துவிடுகிற ஆட்களைப் போல.

நானும் அப்படித்தான் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அமைதியாக ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தக் கோட்பாடுகள் இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் முடிவுரையில் எந்த வரி மாறியிருக்கும்?" என்னிடம் பதில் இல்லை. எந்த வரியும் மாறியிருக்காது என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. பட்டம் கிடைத்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறது.

ஒரு பார்வையைத் தேர்ந்தெடுப்பதை ஏதோ கட்சியில் சேர்வதைப் போல நினைத்துக்கொள்கிறோம். நடைமுறையில் அது எங்கே போய் உட்காரப்போகிறோம் என்கிற முடிவு. அலுவலக அறையில் பதிவேடுகளோடா, தொழிற்சாலை வாசலிலா, பிள்ளையின் வீட்டிலா, கடைசி பெஞ்சிலா? உட்காருகிற இடத்தைப் பொறுத்துதான் கண்ணில் படுவதும் படாமல் போவதும். ஓராண்டு கையில் இருக்கிற ஒருவரால் நான்கு இடத்திலும் உட்கார முடியாது.

ஒப்பிடுவதற்கு ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகளை மதிப்பெண் பார்த்து 'அ' பிரிவு, 'ஆ' பிரிவு என்று பிரிக்கிறார்கள் என்று வையுங்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால் 'ஆ'விலிருந்து 'அ'வுக்கு ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏன்?

அலுவலக அறையிலிருந்து

செயற்பாட்டுவாதத்தைக் கிண்டலடித்துவிட்டுக் கடந்துபோவது இப்போது வழக்கமாகிவிட்டது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பார்த்தார் என்று தெரிந்தால் அவ்வளவு எளிதாகக் கடக்க மாட்டோம். பிரான்சில் 1881-82இல் வந்த சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் மதச்சார்பற்றதாகவும் ஆக்கின. பாதிரியார் வகுப்பறையிலிருந்து வெளியேறினார். அப்படியானால் 'என்னைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, அதற்கு நான் கடமைப்பட்டவன்' என்ற உணர்வை ஒரு குழந்தைக்கு யார் கொடுப்பது? 1902இல் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் ஒழுக்கக் கல்வி பற்றி அவர் நடத்திய விரிவுரைகளின் அடியில் இருந்தது இந்தக் கவலைதான். வீட்டில் அன்பு இருக்கிறது, ஆனால் அன்பு விதியைக் கற்றுத்தராது. முன்பின் தெரியாத முப்பது பேரோடு ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு இருப்பதைக் குழந்தை முதன்முதலில் பழகுவது வகுப்பில்தான் என்றார் அவர். கட்டுப்பாடு, கட்டுப்பாடு என்று சொன்னவர் என்பதால் பிரம்படிக்கு ஆதரவாளர் என்று நினைத்துவிட வேண்டாம். உடல் தண்டனையை அவர் கடுமையாக எதிர்த்தார்.

அமெரிக்காவில் டால்காட் பார்சன்ஸ் 1959இல் இதை இன்னொரு பக்கம் நகர்த்தினார். வீட்டில் ஒரு பிள்ளை 'நம் பிள்ளை'. பள்ளியில் அதே பிள்ளை நாற்பதில் ஒன்று. ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பாடம், ஒரே தேர்வு, ஒரே அளவுகோல். அந்த அளவுகோலில் யார் முன்னால், யார் பின்னால் என்று பிரித்துக் காட்டுவதும், பிரிக்கப்பட்டவர்கள் அதை நியாயம் என்று ஏற்றுக்கொள்ளவைப்பதும் பள்ளியின் வேலை. அதற்கு முன்பே, 1945இல், கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் முக்கியமான வேலைகளுக்குத் திறமைசாலிகளை இழுக்க ஊதிய ஏற்றத்தாழ்வு தேவை என்று வாதிட்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்தால் நம் கேள்விக்குப் பதில் தயார்: 'ஆ' பிரிவில் இருப்பவர்கள் ஏறவில்லை என்றால், சலித்த சல்லடை சரியாக வேலை செய்திருக்கிறது.

இந்தப் பதில் வயிற்றைக் கலக்குகிறது என்பதற்காகத் தள்ளிவிடக் கூடாது. தவறு என்று காட்டித்தான் தள்ள வேண்டும். மெல்வின் டூமின் 1953இல் அதைச் செய்யப் பார்த்தார். எல்லோருக்கும் வாய்ப்பே கிடைக்காத இடத்தில் யாரிடம் என்ன திறமை இருந்தது என்று எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி. இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கையும் உண்டு. 1958இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங் 'மெரிட்டாக்ரசி' (தகுதியுள்ளவர்களின் ஆட்சி) என்ற சொல்லைப் பரவலாக்கியது ஒரு நையாண்டி நூலில். அறிவுக்கூறு எண்ணும் (IQ) உழைப்பும் சேர்ந்து புதியதொரு திமிர்பிடித்த மேல்தட்டை உண்டாக்கும் என்று எச்சரிக்க எழுதினார். உலகம் அந்தச் சொல்லைப் பாராட்டுப் பத்திரமாக எடுத்துக்கொண்டது. 2001இல் வயதான யங் ஒரு நாளிதழில் அதை நொந்துகொண்டு எழுத வேண்டியிருந்தது.

இந்தப் பார்வையை எடுத்தால் எண்ணிக்கை வேண்டும். நிறைய வேண்டும். நாற்பது பிள்ளைகளை வைத்துச் சல்லடை நியாயமானதா என்று சொல்ல முடியாது. சேர்க்கையின்போது இருந்த மதிப்பெண், பெற்றோரின் தொழில், நான்கு ஆண்டு முடிவுகள், இவையெல்லாம் பல பள்ளிகளிலிருந்து வர வேண்டும். அப்படி எண்ணிப் பார்த்தவர்களுக்கே அதிர்ச்சிதான் கிடைத்தது. ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் 1966இல் வந்த அமெரிக்க அறிக்கை ஏறத்தாழ 4,000 பள்ளிகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்தது. பள்ளிகளுக்கு இடையே இருக்கும் வசதி வேறுபாட்டைவிடப் பிள்ளையின் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணை அதிகம் விளக்கியது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அளவுகோலின் முன்னால் வந்து நிற்பதற்குள்ளேயே பாதிப் பந்தயம் முடிந்துவிடுகிறது.

மனித மூலதனம் என்று பொருளாதாரத்தில் தியோடர் ஷூல்ட்ஸும் கேரி பெக்கரும் சொன்னது இந்தப் பார்வைக்குப் பக்கத்து வீடு. படிப்பு ஒரு முதலீடு, கூடுதல் ஊதியம் அதன் வட்டி. கொள்கை வகுப்பவர்களிடம் பேச வேண்டியிருந்தால் இந்த மொழி உதவும். 'ஆ' பிரிவைப் புரிந்துகொள்ள அவ்வளவாக உதவாது.

தொழிற்சாலை வாசலிலிருந்து

முரண்பாட்டுக் கோட்பாட்டுக்காரர்கள் அதே சல்லடையைப் பார்த்து, இது யாருக்காக ஓடுகிறது என்று கேட்கிறார்கள். சாமுவேல் பவுல்ஸும் ஹெர்பர்ட் ஜின்டிஸும் 1976இல் சொன்ன 'ஒத்திசைவு' வாதம் எளிது. பள்ளியின் அமைப்பு வேலைத்தலத்தின் அமைப்பை ஒத்திருக்கிறது. அங்கே கூலி, இங்கே மதிப்பெண். அங்கே சங்கு, இங்கே மணி. அங்கே மேற்பார்வையாளர், இங்கே ஆசிரியர். நியூயார்க்கின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இறுதியாண்டு மாணவர் 237 பேரின் தரவுகளை வைத்து, நேரந்தவறாமை, நம்பகத்தன்மை போன்ற குணங்கள் மதிப்பெண்ணோடு சேர்ந்து வருகின்றன, படைப்பூக்கமும் தன்னிச்சையும் எதிர்த்திசையில் போகின்றன என்று காட்டினார்கள். பிரெஞ்சு மார்க்சியத் தத்துவவாதி லூயி அல்தூசர் 1970இல் இன்னும் ஒருபடி மேலே போய், முன்பு தேவாலயம் இருந்த இடத்தில் இன்று பள்ளிதான் முதன்மையான கருத்தியல் கருவி என்றார். பாதிரியார் போன இடத்தில் என்ன வந்தது என்பதுதான் துர்க்கைமின் கவலையும். ஒரே காலி நாற்காலியை இருவரும் பார்த்தார்கள். பள்ளி அதில் உட்கார்ந்ததைக் கண்டு துர்க்கைம் நிம்மதி அடைந்தார், அல்தூசர் பயந்தார்.

எனக்கு இந்த வாதத்தில் ஒரு குறை நெடுங்காலமாக உறுத்துகிறது. பிள்ளைகள் இதில் எங்கே? அச்சில் ஊற்றப்படும் மாவைப் போலத்தான் வருகிறார்கள். ஊற்றினால் அச்சின் வடிவம் எடுத்துவிடுவார்களா?

பால் வில்லிஸ் அப்படி இல்லை என்று காட்டினார். அவருடைய நூல் வெளிவந்தது 1977இல். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தொழில் நகரத்தில் தொழிலாளர் குடும்பத்துப் பையன்கள் பன்னிரண்டு பேரோடு பள்ளியின் கடைசிக் காலத்திலும், வேலைக்குப் போன முதல் மாதங்களிலும் கூடவே இருந்தார். இந்தப் பையன்கள் பள்ளியை மதிக்கவே இல்லை. ஒழுங்காகப் பாடம் கேட்கிற பையன்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'காதுகள்'. கேட்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்கள் என்ற நக்கல். தூங்குவது, புகைப்பது, ஆசிரியரை ஓட்டுவது, வகுப்பை விட்டு நழுவுவது, இதிலெல்லாம் ஒரு கலைத்திறனே இருந்தது. தகப்பன்மார் பட்டறைத் தளத்தில் மேற்பார்வையாளரை ஏய்க்கிற அதே கேலி, அதே ஆண்பிள்ளைத்தனம், அதே 'மூளை வேலை பெண்பிள்ளை வேலை' என்கிற ஏளனம். 'நீ படித்தால் மேலே வரலாம்' என்று பள்ளி சொல்வதில் இருக்கும் பொய்யை ஆசிரியர்களைவிடத் தெளிவாக அவர்கள் கண்டுகொண்டார்கள். எல்லோரும் மேலே வர இடமில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கலகத்தின் முடிவு என்ன? பதினாறு வயதில் மகிழ்ச்சியோடு தொழிற்சாலைக்குள் நடந்து போனார்கள். யாரும் தள்ளவில்லை. அந்த வேலைக்கு அவர்களைத் தயார்செய்தது பள்ளியின் அடக்குமுறை என்று சொல்வதைவிட, பள்ளிக்கு எதிராக அவர்களே வளர்த்துக்கொண்ட திமிர் என்று சொல்வது பொருத்தம்.

'ஆ' பிரிவைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறீர்கள் என்றால் இதை நினைவில் வையுங்கள். அங்கே சிரிப்பு கேட்டால் அது தோல்வியின் அறிகுறி என்று குறித்துக்கொள்ளாதீர்கள். 'அ' பிரிவுக்கு ஏற விருப்பமே இல்லாத பிள்ளைகள் இருக்கலாம். ஏறினால் நண்பர்களை இழக்க வேண்டும். எதற்கு? வில்லிஸின் பார்வை அந்தக் கணக்கைக் காட்டும். அவருடைய குறையும் வெளிப்படை: பன்னிரண்டு பையன்கள், ஒரு பெண்கூட இல்லை, 'காதுகள்' ஏறத்தாழ ஓரமாகவே நிற்கிறார்கள். பெண்ணியச் சமூகவியலாளர்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் இல்லாவிட்டால் வகுப்பில் ஆசிரியரின் கவனம் யார்மேல் எத்தனை முறை விழுகிறது, எந்தப் பாடம் யாருக்கு 'ஏற்றது' என்று சொல்லப்படுகிறது போன்ற மிக எளிய கேள்விகளைக்கூட இத்துறை கேட்டிருக்காது.

வீட்டுக்குள்ளிருந்து

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவை மேற்கோள் காட்டாத கல்வி ஆய்வேட்டைப் பார்த்து நாளாகிவிட்டது. பண்பாட்டு மூலதனம் என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்குகிறது. அதனாலேயே அது தேய்ந்துபோய்விட்டது. வீட்டில் எத்தனை புத்தகம், அருங்காட்சியகம் போனதுண்டா என்று வினாப்பட்டியலில் இரண்டு கேள்வி சேர்த்துவிட்டு, 'பண்பாட்டு மூலதனம் அளக்கப்பட்டது' என்று எழுதிவிடுகிறார்கள்.

அவர் சொன்னது அதைவிட நுட்பமானது. பண்பாட்டு மூலதனம் மூன்று வடிவில் இருக்கிறது என்றார்: உடம்பில் ஊறியது, பொருளாக இருப்பது, சான்றிதழாக நிறுவனம் வழங்கியது. முதலாவதுதான் முக்கியம். பேசும் தொனி, கேள்வி கேட்கும் துணிச்சல், தெரியாததைத் தெரியாது என்று கூசாமல் சொல்லும் நிதானம், இவையெல்லாம் வீட்டில் காசு கொடுக்காமல் ஊறுபவை. பள்ளி இவற்றைக் கற்றுத்தருவதில்லை, ஆனால் இவற்றுக்குத்தான் மதிப்பெண் போடுகிறது. கற்றுத்தராததைக் கேட்பதால், அது இருக்கிற பிள்ளைக்குப் பிறவித் திறமை இருப்பதாகவும் இல்லாத பிள்ளைக்குத் திறமை இல்லை என்பதாகவும் எல்லோரும் நம்பிவிடுகிறோம். பிள்ளையும் நம்பிவிடுகிறது. ழான்-க்ளோட் பாஸ்ரோனோடு சேர்ந்து 1970இல் அவர் எழுதியதன் கூர்முனை இதுதான்.

ஊறுவது என்றால் எப்படி? அனெட் லரோ 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு காட்சி வருகிறது. பத்து வயதை எட்டப்போகும் ஒரு நடுத்தர வர்க்கத்துச் சிறுவனை அம்மா மருத்துவரிடம் காரில் அழைத்துப் போகிறார். போகும் வழியிலேயே, மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொள் என்கிறார். உள்ளே போனதும், உயரத்தில் நீ தொண்ணூற்றைந்தாவது சதமானத்தில் இருக்கிறாய் என்று மருத்துவர் சொல்லும்போது பையன் குறுக்கிட்டு, நான் எதில் இருக்கிறேன் என்கிறான். உன் வயதுப் பையன்கள் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேரைவிட நீ உயரம் என்று மருத்துவரும் பொறுமையாக விளக்குகிறார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் படித்த ஒரு பெரிய மனிதரின் பேச்சை நிறுத்தி, எனக்குப் புரியவில்லை என்று சொல்லலாம் என்பதை அந்தப் பையன் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. நாளை வகுப்பில் கை தூக்குவான். 'ஆர்வமுள்ள மாணவன்' என்று ஆசிரியர் குறித்துக்கொள்வார். லரோ பார்த்த தொழிலாளர், ஏழைக் குடும்பங்களில் அன்பு குறைவாக இருக்கவில்லை. பிள்ளைகள் விளையாடினார்கள், உறவினரோடு நெருக்கமாக இருந்தார்கள், சலிப்பு என்று அலுத்துக்கொள்ளவில்லை. அந்தச் செல்வத்துக்குப் பள்ளியில் செலாவணி இல்லை.

பூர்தியூவின்மேல் அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு, அவர் வரைந்த உலகில் யாருமே தப்ப முடியாது என்பது. அதைச் சொல்கிறவர்கள் அவரையே சான்றுக்கு இழுப்பார்கள். குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்து அஞ்சல் ஊழியரானவரின் பிள்ளை அவர். தென்மேற்குப் பிரான்சின் பெயார்ன் பகுதிச் சிற்றூரிலிருந்து விடுதிப் பள்ளி வழியாகப் பாரிசின் உச்சிக் கல்லூரிக்குப் போனவர். அவர் இதற்குப் பதிலாகத் தன்னையே பிளவுண்ட ஒருவனாக விவரித்தார். ஏறியவன் ஏறிய இடத்திலும் பொருந்தாமல், விட்ட இடத்திலும் பொருந்தாமல் போவதை அவர் அளவுக்கு யாரும் எழுதவில்லை.

இந்த இடத்தில் உட்கார வேண்டுமானால் வீடுகளுக்குள் போக வேண்டும். ஒருநாள் போய்ப் படிவம் நிரப்பிக்கொண்டு வருவது போதாது. அனுமதி, நேரம், கூச்சம் எல்லாம் தடையாக நிற்கும். இந்த உழைப்புக்குத் தயாராக இல்லாதவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ரேமோன் பூதோனை. பூர்தியூவின் நாட்டுக்காரர், சமகாலத்தவர், எதிர்முகாம். 1970களின் தொடக்கத்தில் அவர் ஒரு பிரிவினை செய்தார். குடும்பப் பின்னணி மதிப்பெண்ணைப் பாதிப்பது ஒன்று. ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு பிள்ளைகள் பின்னணி காரணமாக வேறு வேறு பாதையைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. இரண்டாவதைக் கண்டுபிடிக்க வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. ஒரே மதிப்பெண்காரர்கள் அடுத்து எங்கே போனார்கள் என்று பார்த்தால் போதும். தோற்றால் ஏற்படும் இழப்பு இரண்டு வீட்டுக்கும் ஒன்றல்ல, அதனால் துணிச்சலும் ஒன்றல்ல. இவ்வளவு எளிய கருவியை ஏன் இத்தனை குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

களத்துக்கே போக முடியாதவர்களுக்கு

சிலருக்குப் பள்ளி அனுமதியே கிடைக்காது. அவர்கள் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் வழியில் வந்த சான்றிதழ்வாதத்தைப் பார்க்கலாம். ராண்டால் காலின்ஸ் 1971இல் ஒரு கட்டுரையிலும் 1979இல் ஒரு நூலிலும் கேட்டது: வேலைகளுக்குக் கேட்கப்படும் படிப்பு ஏறிக்கொண்டே போகிறதே, வேலை அவ்வளவு கடினமாகிவிட்டதா? பெரும்பாலும் இல்லை என்பது அவர் முடிவு. அதற்கு முன்பே, 1970இல், ஐவர் பெர்க் கூடுதலாகப் படித்த ஊழியர்கள் பொதுவாகக் கூடுதல் உற்பத்தித்திறன் காட்டவில்லை என்று எழுதியிருந்தார். எல்லோரும் நுனிக்காலில் நின்றால் யாருக்கும் மேடை கூடுதலாகத் தெரியப்போவதில்லை. ஆனால் நிற்காதவருக்கு ஒன்றுமே தெரியாது. பழைய வேலை விளம்பரங்கள், ஆள்சேர்ப்பு விதிகள், தகுதி நிபந்தனைகள் இவற்றை வைத்தே ஒரு நல்ல ஆய்வு செய்துவிடலாம். 'ஆ' பிரிவைப் பற்றி நேராக ஒன்றும் சொல்லாது. 'அ' பிரிவுக்கு ஏன் அவ்வளவு அடிதடி என்று சொல்லும்.

கடைசி பெஞ்சிலிருந்து

ரே ரிஸ்ட் 1970இல் வெளியிட்ட ஆய்வை முதன்முறை படித்தபோது ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளி, மழலையர் வகுப்பு. ஆசிரியரும் கறுப்பினத்தவர். பள்ளி திறந்த எட்டாம் நாள் குழந்தைகளுக்கு நிரந்தர இடம் ஒதுக்குகிறார். மூன்று மேசைகள். முதல் மேசை அவருக்கு மிக அருகில்.

எட்டு நாளில் எந்தத் தேர்வும் நடக்கவில்லை. குழந்தைகளின் திறனைப் பற்றி எழுத்தில் ஒரு தகவலும் இல்லை. சேர்க்கைப் படிவம் இருந்தது. எந்தக் குடும்பம் அரசு உதவித்தொகை வாங்குகிறது என்ற தகவல் இருந்தது. அக்கா, அண்ணன் எப்படிப் படித்தார்கள் என்ற நினைவு இருந்தது. முதல் மேசைக் குழந்தைகள் சுத்தமான துணியில் இருந்தார்கள், ஆசிரியர் பேசும் ஆங்கிலத்துக்கு நெருக்கமான ஆங்கிலம் பேசினார்கள். மூன்றாம் மேசையில் அப்படி இல்லை.

அடுத்து நடந்ததுதான் விஷயம். ஆசிரியர் முதல் மேசையோடு அதிகம் பேசினார், அதிகம் கற்பித்தார். ஆண்டு முடிவில் முதல் மேசைக்காரர்கள் பாடத்தில் முன்னால் இருந்தார்கள். முதல் வகுப்புக்குப் போனபோது அங்கே இருந்த ஆசிரியர் அவர்கள் முடித்த பாடத்தின் அளவைப் பார்த்து மேசை பிரித்தார். மழலையர் வகுப்பின் முதல் மேசைக்காரர்கள் மறுபடி முதல் மேசை. மற்ற மேசைகளிலிருந்து ஒருவரும் அங்கே ஏறவில்லை. இரண்டாம் வகுப்பில் வாசிப்பு மதிப்பெண்களே வந்துவிட்டன. குழுக்களுக்குப் 'புலிகள்', 'கார்டினல் பறவைகள்', 'கோமாளிகள்' என்று பெயர். இந்தக் கட்டத்தில் யாராவது வந்து 'ஏன் இப்படிப் பிரித்தீர்கள்' என்று கேட்டால், மதிப்பெண்ணைக் காட்டிவிடலாம். எட்டாம் நாளில் துணியைப் பார்த்து எடுத்த முடிவு, மூன்றாம் ஆண்டில் எண்ணாக மாறி, கேள்வி கேட்க முடியாததாகிவிட்டது.

அலுவலக அறையில் பதிவேட்டோடு உட்கார்ந்தவருக்கு இரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் தெரியும். சல்லடை நன்றாக வேலை செய்கிறது என்றுதான் எழுதுவார். அவர்மேல் குற்றமில்லை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டாம் நாள் தெரியாது.

குறியீட்டு ஊடாட்டவாதத்தின் பலம் இது. ஹவார்ட் பெக்கர் 1950களின் தொடக்கத்தில் சிகாகோ ஆசிரியர்கள் 60 பேரிடம் பேசி, அவர்கள் மனத்தில் 'இலட்சிய மாணவன்' என்று ஓர் உருவம் இருப்பதையும் அது வர்க்கத்தோடு ஒட்டியிருப்பதையும் எடுத்துக்காட்டினார். ராபர்ட் மெர்ட்டன் 1948இல் சொன்ன, தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும் முன்கணிப்பு என்ற கருத்தும் இதற்குள் வந்து பொருந்திக்கொண்டது. ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட சோதனைதான் மிகப் பிரபலம். சுமார் ஐந்தில் ஒரு பங்கு மாணவர்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, இவர்கள் இந்த ஆண்டு மலரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக உயர்ந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆய்வேடுகளில் இந்தச் சோதனையை வேதவாக்காக எழுதுகிறார்கள். மேல்வகுப்புகளில் விளைவு பெரிதாகத் தெரியவில்லை என்பதையும், பயன்படுத்திய தேர்வின் தரம் பற்றி அப்போதே கடுமையான விமர்சனம் எழுந்ததையும் விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் வந்த மீளாய்வுகள், ஆசிரியரின் எதிர்பார்ப்புக்கு விளைவு உண்டு, ஆனால் சராசரியாக அது சிறியது என்றும், பல நேரம் ஆசிரியரின் கணிப்பு சரியாகவே இருக்கிறது என்றும் சொல்கின்றன. முத்திரை குத்தல் என்ற வாதத்தை எடுக்கிறவர் இதை எதிர்கொண்டே ஆக வேண்டும். ஆசிரியர் மேசையைப் பிரித்ததால்தான் பிள்ளை பின்தங்கியதா, பின்தங்கியிருந்ததால் ஆசிரியர் பிரித்தாரா? ரிஸ்ட் முதல் நாளிலிருந்து அங்கே இருந்ததால் பதில் சொல்ல முடிந்தது. நடு ஆண்டில் போய் உட்கார்ந்தால் உங்களால் முடியாது.

எதை எடுப்பது

எந்தக் கோட்பாடு சரி என்று கேட்டுக்கொண்டு நூலகத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டு, எந்தக் கோட்பாடு என் தரவிடம் தோற்க முடியும் என்று கேட்டுப் பாருங்கள். தோற்கவே வழியில்லாத கோட்பாடு உங்கள் முடிவுரையில் ஒரு வரியையும் மாற்றாது.

'ஆ' பிரிவுக் கேள்வியில் இது எப்படி இருக்கும்? ஆறாம் வகுப்பில் நுழையும்போது ஒரே மதிப்பெண் இருந்த பிள்ளைகளை எடுங்கள். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓரிரு மதிப்பெண்ணில் பிரிந்தவர்கள் நல்ல குழு. நான்கு ஆண்டு கழித்தும் அவர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை என்றால் பிரிவு ஒன்றும் செய்யவில்லை. பார்சன்ஸ் தப்பிக்கிறார், ரிஸ்ட் இங்கே தோற்கிறார். வேறுபாடு பெரிதாகி, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அது மறைந்துவிட்டால் பூர்தியூ பக்கம் போக வேண்டும். மதிப்பெண் ஒன்றாகவே இருந்து, அடுத்த படிப்புக்கான தேர்வு மட்டும் வேறாக இருந்தால் பூதோன். பின்னணியும் ஒன்று, தொடக்க மதிப்பெண்ணும் ஒன்று, ஆனாலும் இடைவெளி விரிகிறது என்றால் வகுப்பறைக்குள் ஏதோ நடக்கிறது. அப்போதுதான் கடைசி பெஞ்சுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. அங்கே போனபின் சிரிப்பு கேட்டால் வில்லிஸை எடுத்துக்கொண்டு போங்கள், மௌனம் இருந்தால் ரிஸ்டை.

ஒரு பள்ளி, ஓராண்டு, தனி ஆள் என்ற நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது ஊடாட்டப் பார்வைதான். காரணம் அது மற்றவற்றைவிட உண்மை என்பதல்ல. ஒருவரால் ஓராண்டில் நேர்மையாகச் செய்து முடிக்கக்கூடியது அது. அதோடு பூர்தியூவைத் துணைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், எதிராளியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் வகுப்பறையில் பார்ப்பது வீட்டிலிருந்து முடிவாகி வந்ததுதானோ என்ற சந்தேகம் ஒவ்வொரு பக்கத்திலும் உங்களைக் குடைய வேண்டும். பெரிய தரவுத்தொகுப்பு கையில் இருக்கிறவர் செயற்பாட்டுவாதத்தின் பந்தயத்தை ஏற்று எண்ணிப் பார்க்கலாம். அந்தப் பார்வையை நம்புகிறவராக இருக்க வேண்டியதில்லை. நம்பாதவர் செய்தால் இன்னும் கவனமாகச் செய்வார். ஒத்திசைவு வாதத்தை முதல் ஆய்வுக்கு எடுக்க வேண்டாம் என்பேன். பள்ளி, வேலைத்தலம் இரண்டையும் பார்க்காமல் அதைச் சொல்வது வெறும் ஒப்புமை, ஓராண்டில் இரண்டையும் பார்க்க முடியாது.

இந்தக் கோட்பாடுகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பள்ளியைப் பார்த்துப் பிறந்தவை என்பதையும் மறக்க வேண்டாம். பூர்தியூவின் கண்ணில் இருந்தது லீசே என்கிற பிரெஞ்சு மேல்நிலைப் பள்ளி. வில்லிஸின் கண்ணில் இருந்தது தொழிற்சாலை வேலை தாராளமாகக் கிடைத்த காலத்து இங்கிலாந்து. இன்று அதே பையன்கள் பதினாறு வயதில் பள்ளியை விட்டு வெளியே வந்தால் போக அந்தத் தொழிற்சாலை இருக்குமா? உங்கள் பள்ளியில் எது அந்த இடத்தில் இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கடைசி பெஞ்ச் என்று முடிவாகிவிட்டால், அனுமதிக் கடிதத்தை விடுமுறையிலேயே வாங்கிவிடுங்கள். கோட்பாட்டு இயலைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். பள்ளி திறக்கும் முதல் நாள் ஒரு வெள்ளைத்தாளில் வகுப்பறையை வரைந்து, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறியுங்கள். மறுநாளும் வரையுங்கள். அதற்கடுத்த நாளும். எட்டாம் நாள் ஆசிரியர் இடம் ஒதுக்கும்போது உங்கள் கையில் ஏழு தாள் இருக்க வேண்டும்.